தாய்மாமன் சீர் திருத்த மசோதா

எங்கள் எம்.எல்.ஏ. வீரய்யாவுக்குக் குரல் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரிமளத்தில் அவர் தும்மினால் ஆவுடையார்கோவில் புறாக்கள் கோபுரத்தை விட்டுப் பறக்கும். அவருக்கு இல்லாமல் இருந்தது கருத்துதான். அதையும் ஒரேயடியாக இல்லை என்று சொல்லிவிட முடியாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு வைத்திருந்தார். இரண்டும் ஒன்றையொன்று முகம் பார்த்ததில்லை.

நான் புதுக்கோட்டை சமஸ்தானத்துக் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக, இருந்தவன். நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்தார்கள், என்னை வீட்டோடு சேர்த்தார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரே உத்தியோகம்: ஊரில் எங்கே குழப்பம் நடந்தாலும் முன்வரிசையில் இடம் பிடிப்பது. சம்பளம் கிடையாது, ஆனால் லீவு எடுக்க மனசே வராத உத்தியோகம். அதில் நான் கண்ட குழப்பங்களுக்கெல்லாம் ராஜா, ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் சீர்திருத்தக் குழப்பம்.

ஒரு நாள் காலையில் வீரய்யா எனக்கு ஜீப் அனுப்பினார். அவர் வீடு எதிர்வீடு. ஆனாலும் ஜீப்பில்தான் போனேன். தெருவின் கோடிக்குப் போய்த் திரும்பி வந்து நிற்க வேண்டியிருந்தது. அதற்குள் நான் நடந்தே நாலு தரம் போய் வந்திருக்கலாம். மரியாதை என்றால் அப்படித்தான், சுற்றிக்கொண்டுதான் வரும்.

"வாங்க சிரஸ்தாரய்யா" என்று ஒரு கத்தை இங்கிலீஷ் காகிதத்தை என் மடியில் போட்டார். "மெட்ராஸ்லேருந்து வந்திருக்கு. அடுத்த மாசம் சபையில வைக்கிறாங்களாம். நான் இதுக்கு ஆதரவா, எதிர்ப்பா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

படித்துச் சொன்னேன். சின்னக் குற்றம், அதுவும் முதல் தடவை செய்தவன் என்றால் ஜெயிலில் போட வேண்டாம். நன்னடத்தைக்கு எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விட்டு, ஒரு அதிகாரி கண் பார்வையில் வைத்திருக்கலாம். ஏற்கெனவே உள்ளே இருப்பவன் பாதித் தண்டனையை முடித்திருந்தால், அவனையும் அதே போல விடலாம். மறுபடி அவன் மேல் ஒரு புகார் வந்தால் மிச்சத் தண்டனைக்கு உள்ளே போக வேண்டியதுதான்.

"அதாவது திருடனை வெளியில விடுறது" என்றார் வீரய்யா.

"முதல் தடவை திருடினவனை மட்டும்."

"மொதத் தடவை திருடினவன்தானுங்களே ரெண்டாவது தடவை திருடுறான்?"

கோர்ட்டில் தலை நரைத்தவன் நான். இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கே தெரியவில்லை. உடனே மாலைக் கருத்து காலையிலேயே வந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு சிரஸ்தாரய்யா, ஜெயிலு மனுசன் இருக்கற எடமில்லைங்க. நாப்பத்திரெண்டுல நான் இருந்தேன்ல? களியா அது? சுவத்துல பூசுனா இடியே விழுந்தாலும் வீடு அசையாது."

அவர் சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலில் இருந்தது என்னவோ சில நாட்கள்தான். மேடைக்கு மேடை அது வளர்ந்து அந்த வருஷம் மூன்று ஆண்டுகளைத் தொட்டிருந்தது. இன்னும் இரண்டு தேர்தல் நின்றால் ஆயுள் தண்டனை ஆகிவிடும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

கடைசியாகக் குரலை இறக்கி, "ஏங்க, இந்தச் சட்டம் வந்தா அந்த சேவுகன் பயலும் வெளிய வந்துருவானா?" என்று கேட்டார்.

"வருவான். பாதி முடித்துவிட்டானே."

அவர் முகம் இருண்டது. இதைப் புரிந்துகொள்ளச் சேவுகன் கதை தெரிய வேண்டும்.

சேவுகன் எங்கள் ஊர்க்காரன். கொஞ்சம் புஞ்சை உண்டு, மாடு கிடையாது. தேர்தல் வருஷத்தில் நீண்ட நாள் ஏய்த்துவிட்டு ஒரு நாள் மழை கொட்டியது. ஈரம் காய்வதற்குள் உழ வேண்டும். ஊரெல்லாம் மாடு கேட்டான், அன்றைக்கு யாருக்குத்தான் மாடு சும்மா நிற்கும்? வெள்ளி முளைக்கிற நேரத்தில் வீரய்யாவின் தொழுவத்திலிருந்து காங்கேயம் காளைகள் இரண்டையும் அவிழ்த்துப் போய், தன் புஞ்சையை உழுது, கண்மாயில் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, விடிவதற்குள் திரும்பக் கொண்டுவந்து கட்டிவிட்டான்.

வீரய்யா வேப்பங்குச்சியோடு எழுந்து வந்தவர் மாடுகளைப் பார்த்து அசந்துபோனார். வாங்கிய நாள் முதல் அவை அப்படிப் பளபளத்ததில்லை. பண்ணையாளுக்கு இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது என்று மகிழ்ந்தார். பிறகுதான் கண்ணில் பட்டது: வலத்து மாடு இடப்பக்கம் நின்றது, இடத்து மாடு வலப்பக்கம் நின்றது.

உழவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். நுகத்தில் வலப்பக்கம் பழகிய மாடு வலப்பக்கம்தான் நடக்கும். இடத்து மாடு இடப்பக்கம். மாற்றிப் பூட்டினால் இரண்டுக்கும் புத்தி பேதலித்துவிடும். சேவுகன் இருட்டில் மாற்றிப் பூட்டி உழுதிருக்கிறான், மாற்றியே கட்டியும் விட்டான். அன்றைக்கு வீரய்யா அரிமளம் சந்தைக்கு ஓட்டுக் கேட்க வண்டி பூட்டினார். வண்டி சந்தையைத் தவிர எல்லா இடத்துக்கும் போனது. திருமயம் கோட்டையை மூன்று சுற்றுச் சுற்றியது என்று நான் சொல்வேன், ஒரு சுற்றுதான் என்பார்கள் பொறாமைக்காரர்கள். எதிர்க்கட்சிக்காரர்கள் சுவரில் எழுதிவிட்டார்கள்: "மாட்டுக்கே பக்கம் தெரியாத வீரய்யாவுக்கா உங்கள் ஓட்டு?"

"மாடு தொலைஞ்சிருந்தாக்கூட மன்னிச்சிருப்பேன். என் மானத்தையில்ல எடம் மாத்திக் கட்டிப்புட்டான்!" என்று போலீசுக்குப் போனார். மாடில்லாத சேவுகன் புஞ்சை விடிவதற்குள் உழுது கிடந்ததே, ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் நல்ல மனுஷர். தப்பிக்க வழி விட்டுத்தான் கேட்டார்: "ஏம்பா, இரவலாத்தானே எடுத்தே? சொல்லிட்டு எடுக்க மறந்துட்டியா?" சேவுகன் கையைக் கட்டிக்கொண்டு உண்மையைச் சொன்னான்: "மறக்கலீங்க. கேட்டா குடுக்க மாட்டாருன்னுதாங்க கேக்கல." மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். இரண்டு வருஷம்.

இப்போது வீரய்யாவின் குழப்பம் உங்களுக்குப் புரியும். ஜெயிலுக்குப் போன தியாகி ஒருவர், காளை பறிகொடுத்த பண்ணைக்காரர் ஒருவர், இருவரும் ஒரே சட்டைக்குள் இருந்தார்கள். சட்டை கதர். இருவருக்கும் சேர்த்து ஓட்டு ஒன்றுதான்.

மறுநாள் பேப்பரில் செய்தி வந்தது. "குற்றவாளிகள் சீர்திருத்த மசோதா." டீக்கடையில் ஒருவர் உரக்கப் படித்தார். பாதிப் பேர் குற்றவாளிகளை அரைகுறையாகத்தான் காதில் வாங்கினார்கள், சீர்திருத்தத்தை முழுசாக வாங்கினார்கள். ஐயர் இல்லாமல் மேடை போட்டுப் பேசிச் செய்கிற சீர்திருத்தக் கல்யாணம் அப்போது எங்கள் பக்கம் புதுசு. ஆகவே ஜெயிலில் இருப்பவர்களுக்கெல்லாம் சர்க்கார் செலவில் சீர்திருத்தக் கல்யாணம் என்று கடைக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் முடிவு செய்தார்கள். "பொண்ணு யாரு குடுப்பா?" என்று வலது பக்கம் கேட்டது. சாயங்காலத்துக்குள், கல்யாணமாகாத இரண்டு பேர் எந்தக் குற்றம் செய்தால் உள்ளே போடுவார்கள் என்று என்னிடம் வந்து விசாரித்துவிட்டுப் போனார்கள்.

அந்தச் செய்தி செங்கமலத்தின் காதுக்குப் போனபோது இன்னொரு அவதாரம் எடுத்தது. செங்கமலம் சேவுகனின் தங்கை. அவள் மகள் அழகிக்குத் தை மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா அடைக்கலம் ஆவுடையார்கோவில் பக்கத்து ஆள், முறை தவறினால் மூச்சே விடமாட்டார். "தாய்மாமன் சீர் வராத பந்தல்ல எம்மவன் ஒக்கார மாட்டான். மாமன் உள்ள இருந்தா வெளிய வரட்டும், அப்பறம் வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டார். சேவுகன் வெளியே வர இன்னும் ஒரு வருஷம் போல இருந்தது. அதுவரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருப்பார்களா? வேறு இடம் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்று பேச்சு.

இந்த நிலைமையில் இருக்கிற ஒருத்தி காதில் "சீர்திருத்தம்" என்று விழுந்தால் எப்படி விழும்? சீர், திருத்தம். தாய்மாமன் சீரைத் திருத்த சர்க்காரே ஒரு மசோதா கொண்டுவருகிறது!

பெரிய பூசணிக்காய் ஒன்றை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வீரய்யா வீட்டு முன்கட்டில் வந்து நின்றாள். நான் அங்கேதான் இருந்தேன். வேறெங்கே இருப்பேன்?

"ஐயா, நீங்க நல்லா இருக்கணும். அந்தச் சீரு திருத்தத்துக்குக் கையத் தூக்கிருங்க."

வீரய்யாவுக்கு அந்த வாரம் முழுக்க வரதட்சிணை ஒழிப்புக் கூட்டங்கள். "சீரைத் திருத்தணும்னா? சீரு வாங்கறதை நிறுத்தணுங்கறியா? நல்ல கொள்கை ஆத்தா, நானே பேசிருக்கேன்."

"ஐயையோ, நிறுத்திறாதீங்க! அது நடக்கணும்னுதானே வந்தேன்!"

"பெறகு திருத்தம்ங்கற?"

"ஆமாங்க, கெட்டுப் போயிருக்குல்ல? சீரு கொண்டாரவரு உள்ள இருக்காரு. திருத்தணும்ல?"

"எதை?"

"சீரை!"

"சீரைத் திருத்தணும், ஆனா நிறுத்தக் கூடாது. சிரஸ்தாரய்யா, இது எந்தக் கட்சிக் கொள்கை?"

நான் சிரித்ததில் என் பல்செட்டு மடியில் விழுந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு இரண்டு பேருக்கும் விளக்கிச் சொன்னேன். இது கைதிகளைப் பற்றிய சட்டம், சீரைப் பற்றியதல்ல. ஆனால் நிறைவேறினால் சேவுகன் தைக்குள் வந்துவிடலாம்.

செங்கமலம் பூசணிக்காயை இறக்கி வீரய்யா பக்கம் நகர்த்தினாள். "அப்ப நாஞ்சொன்னதும் அதுதானே?" என்றாள். யோசித்துப் பார்த்தால் அதுதான். படித்தவன் சுற்றிவந்து சேர்ந்த இடத்தில் அவள் முதலிலேயே உட்கார்ந்திருந்தாள், அதுவும் தப்பான வழியில் வந்து.

சேவுகன் பேரைக் கேட்டதும் வீரய்யா பூசணிக்காயைத் திருப்பித் தள்ளினார். "அதெல்லாம் ஆவாது. திருட்டுன்னா திருட்டுதான். இன்னைக்கு இவனை விட்டா நாளைக்கு ஊருல ஒரு தொழுவத்துல மாடு நிக்காது. சட்டம் செய்யுறவன் நான், நானே எளகுனா எப்படி?"

"நீங்களும் ஜெயிலுக்குப் போனவகதானே?"

"நான் போனது தேசத்துக்காக!"

"எங்கண்ணன் போனது புஞ்சைக்காக. நீங்க போனா தியாகம், அவரு போனா திருட்டு. ரெண்டு பேரும் தின்னது ஒரே களிதானே ஐயா? இல்ல, தியாகிக்குன்னு நெய்யி ஊத்திக் குடுத்தாகளா?"

வீரய்யாவின் வாய் திறந்தது. காலைக் கருத்தும் வரவில்லை, மாலைக் கருத்தும் வரவில்லை. செங்கமலம் பூசணிக்காயை அங்கேயே வைத்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் தொகுதிக் கருத்தைக் கேட்கப் புறப்பட்டார். தன்னிடம் கருத்து இல்லாத சட்டசபைக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம் அது. முதலில் ஆவூர் பக்கம். அங்கே இருதயநாதன் உபதேசியார் மாதா கோயில் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"எம்மெல்லே ஐயா, வாங்க, ஒக்காருங்க, காப்பி குடிங்க. ஆனா சீர்திருத்தம்னு ஒண்ணு கொண்டாந்திருக்கீங்களாமே, அதை மட்டும் ஊருக்கு வெளிய வச்சிட்டு வாங்க."

"ஏங்க?"

"சீர்திருத்தக்காரங்க எங்க சபையிலேருந்து பிரிஞ்சு போயி நானூறு வருஷமாச்சு. அவங்களுக்கு சர்க்காரு சட்டம் போட்டு சலுகை குடுத்தா நாங்க சும்மா இருப்பமா?"

வீரய்யா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். உபதேசியார் ஐரோப்பாவில் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டண்டுகளும் போட்ட மார்க்கச் சண்டையை எங்கள் தொகுதிக்குள் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தார். இது ஜெயில் விஷயம், திருடர்களை மன்னித்து விடுகிற விஷயம் என்று ஒருவழியாகப் புரியவைத்தோம்.

"அப்படியா!" என்று உபதேசியார் முகம் மலர்ந்தார். "இதை மொதல்லயே சொல்றதில்லையா? சிலுவையில பக்கத்துல தொங்கின நல்ல கள்ளனுக்கு ஆண்டவர் அன்னைக்கே மோட்சம் குடுத்தாரு. நீங்க வெறும் வீட்டுக்குத்தானே அனுப்பறீங்க? தாராளமா அனுப்புங்க."

"அவருகூட அன்னைக்கு ரெண்டு கள்ளன் தொங்குனாங்கல்ல?" என்றார் வீரய்யா.

"ஆமா. ஒருத்தனுக்குத்தான் மோட்சம்."

"ரெண்டுல எவன் நல்லவன்னு அவருக்குத் தெரிஞ்சுச்சு. எனக்கு எப்படிங்க தெரியும்?"

உபதேசியார் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். காப்பி ஐஸ் ஆகிவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் வீரய்யா, "ரெண்டுல எவன்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அவர் மேல் முதன்முதலாகக் கொஞ்சம் மரியாதை வந்தது. அவர் கேட்டது நல்ல கேள்வி என்பதால் மட்டுமல்ல, கேட்டுவிட்டு அவரே பயந்துபோனார் என்பதால்.

சென்னைக்குப் போகும் ரயிலில் நானும் ஏறினேன். புதுக்கோட்டையில் ஏறும்போது மூன்றாம் வகுப்புப் பெட்டியில் செங்கமலமும் ஏறுவதைப் பார்த்தேன். மடியில் இன்னொரு பூசணிக்காய். "அண்ணனுக்குக் கையத் தூக்கறாரான்னு நேர்ல பாத்துட்டு வாரேன்" என்றாள். திருச்சியில் வண்டி நின்றபோது இறங்கி, பிளாட்பாரத்தில் அண்ணன் இருக்கும் ஜெயில் எந்தத் திசை என்று கேட்டு, அங்கிட்டுத் திரும்பிச் சற்று நேரம் நின்றாள். பிறகு ஏறிக்கொண்டாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேடிக்கை எதுவும் தோன்றவில்லை.

சட்டசபை இருந்த கோட்டைக்குள் போனதும்தான் எங்கள் வீரய்யா ஒன்றும் அதிசயப் பிறவி இல்லை என்று தெரிந்தது. தாழ்வாரம் முழுக்க வீரய்யாக்கள். ஒருவர், ஜெயிலில்தான் தன் வாழ்க்கையின் பொற்காலம் கழிந்தது, ஆகையால் ஏழைகளையும் அங்கே அதிகமாக அனுப்ப வேண்டும் என்றார். இன்னொருவர் தோப்பில் தேங்காய் களவு போய்விட்டது. திருடன் பிடிபடும் வரை எந்தச் சீர்திருத்தமும் கூடாது, பிடிபட்ட பிறகு பார்க்கலாம் என்றார். பருத்த அங்கத்தினர் ஒருவர் கைதிகளுக்குப் போடும் சோறு மிச்சமாகும் என்பதால் ஆதரித்தார். அவர் பக்கத்தில் இருந்தவர், முதல் தடவைக்கு மன்னிப்பு, இரண்டாம் தடவைக்குத் தூக்கு, நடுவே ஒன்றும் வேண்டாம், சட்டப் புத்தகம் மெலிந்து தூக்க வசதியாக இருக்கும் என்றார். எல்லாரும் மனசாரச் சொன்னார்கள். அதுதான் எனக்குத் தலை சுற்றியது. பொய் சொல்கிறவர்களாக இருந்தால் இத்தனை குழப்பம் இராது.

நானும் செங்கமலமும் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம். பூசணிக்காயை உள்ளே விடவில்லை. காவல்காரர் அதை வாங்கி வைத்துக்கொண்டு, அது வெடிக்குமா என்று கேட்டார். "கொழம்புல போட்டா கொதிக்கும்" என்றாள் செங்கமலம்.

வீரய்யாவின் முறை வந்தது. எழுந்தார்.

"கனம் சபாநாயகர் அவர்களே! திருடனை விடக் கூடாது. ஜெயிலில் வைக்கவும் கூடாது. நான் உள்ளே இருந்தவன், எனக்குத் தெரியும். நான் மாடு பறிகொடுத்தவன், அதுவும் எனக்குத் தெரியும். மாடு திரும்பி வந்துவிட்டது. முன்னைவிடச் சுத்தமாக வந்தது. ஆனால் வலத்து மாடு இடப்பக்கம் வந்தது. இதற்கு இந்த மசோதாவில் எந்த ஷரத்தில் பரிகாரம் இருக்கிறது என்று மந்திரி அவர்கள் விளக்க வேண்டும்!"

மந்திரி காகிதங்களைப் புரட்டினார். உண்மையாகவே தேடினார். பக்கத்தில் இருந்த இரண்டு அதிகாரிகளும் தேடினார்கள். சபையில் சிரிப்பு, மேஜை தட்டல், "வலதா இடதா" என்று எதிர்வரிசையில் கூச்சல். கட்சியைப் பற்றித்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டு ஒருவர் வெளிநடப்பே செய்துவிட்டார்.

ஓட்டுக்கு விட்டார்கள். "ஆம்" என்றது பாதிச் சபை. "இல்லை" என்றது பாதிச் சபை. குரலில் தீராமல் தலையை எண்ணினார்கள். இரண்டு பக்கமும் சரிசமம் என்று நான் சொல்கிறேன், பதிவேடு வேறு ஏதாவது சொன்னால் பதிவேட்டுக்குக் கண் சரியில்லை. எந்தப் பக்கமும் எழாமல், பாதி எழுந்து பாதி உட்கார்ந்து, நாற்காலிக்கு மேலே அந்தரத்தில் நின்றவர் வீரய்யா ஒருவர்தான்.

"கனம் அங்கத்தினர் என்ன சொல்கிறார்? ஆமா, இல்லையா?" என்று சபாநாயகர் கேட்டார்.

வீரய்யா அண்ணாந்து பார்த்தார். மாடத்தில் செங்கமலம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். பெரிய குரல்காரர், அன்றைக்கு அவருக்குக் குரல் நூலாக வந்தது.

"ஆமா... இல்ல?"

"இரண்டையும் சொன்னால் எப்படி? செல்லாது!" என்று எதிர்வரிசை. குறிப்பு எடுப்பவர் பேனாவை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றார். அப்போது தஞ்சாவூர்ப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர், எங்கள் தமிழுக்கு அடுத்த வீட்டுக்காரர், எழுந்தார்: "ஐயா, அவங்க பக்கத்துல ஒருத்தர் சொல்றதை முழுக்க ஒத்துக்கிட்டா அப்படித்தான் சொல்வாங்க. 'ஆமா, இல்ல?' அப்படின்னா, 'அட ஆமாம், அப்படித்தானே!'ன்னு அர்த்தம். அது ஒரு ஆமா கூட இல்லீங்க, ஒண்ணரை ஆமா."

சபாநாயகர் அரையைத் தள்ளிவிட்டு ஒன்றை எடுத்துக்கொண்டார். மசோதா நிறைவேறியது.

ரயிலில் வீரய்யாவிடம் கேட்டேன்: "ஒத்துக்கொண்டுதான் சொன்னீர்களா, இல்லை குழம்பிச் சொன்னீர்களா?"

"அதைத்தாங்க நானும் யோசிச்சிட்டு வாரேன்" என்றார்.

மார்கழி முடிவதற்குள் சேவுகன் வந்துவிட்டான். ஜெயில் தறியில் நெய்த ஜமக்காளம் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். உள்ளே பார்த்த வேலைக்குக் கிடைத்த கூலியில் அவனே வாங்கியது, மருமகளுக்குச் சீரில் வைக்க. அவனைக் கண்காணிக்க வந்த அதிகாரி எல்லார் முன்னாலும் எச்சரித்துவிட்டுப் போனார்: "ஒரே ஒரு புகார். யார் குடுத்தாலும் சரி. திரும்ப உள்ள." அடைக்கலம் அதைக் காதில் வாங்கிக்கொண்டு, "கல்யாணத்தன்னிக்கு மாமன் சீரு வண்டி கட்டி மொறையா வந்து சேரட்டும், எனக்கு வேறொண்ணும் வேண்டாம்" என்றார். செங்கமலம் தினமும் பொழுது விடிந்ததும் அண்ணன் வீட்டு வாசலில் போய், அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் பாலைக் காய்ச்சினாள்.

கல்யாணத்தன்று காலை. பந்தலில் மேளம் கொட்டியாகிவிட்டது. எம்.எல்.ஏ. வருகிறார் என்று பந்தோபஸ்துக்கு ஏட்டையா வந்திருந்தார். நான் வழக்கம்போல வீரய்யா வீட்டில் இருந்தேன். தொழுவத்திலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆவுடையார்கோவில் புறாக்கள் அன்றைக்குத் திருச்சி வரைக்கும் பறந்திருக்கும்.

"எங்கடா என் மாடு?"

இரண்டு முளைக்குச்சியும் வெறுமனே நின்றன. வீரய்யா ஜீப்பை மறந்துவிட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பந்தலை நோக்கி ஓடினார். நானும் ஓடினேன். வயசுக்கு மீறி ஓடினேன் என்று பிறகு வைத்தியர் சொன்னார்.

பந்தல் வாசலில் ஏட்டையா விறைத்து நின்றார். "என்னங்கய்யா, மாடு காணோமா? புகாருங்களா?"

அந்தச் சொல் பந்தலுக்குள் போனது. மேளம் நின்றது. அடைக்கலம் மணவறைப் பக்கமிருந்து எழுந்து வந்தார். செங்கமலம் கையில் ஆரத்தித் தட்டோடு அப்படியே நின்றாள்.

அதே நேரம் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் சலங்கைச் சத்தம். சீர் வண்டி வந்தது. வாழைத்தார், வெற்றிலைத்தட்டு, மேலே மடித்து வைத்த ஜமக்காளம். முன்னால் தலைப்பாகையோடு சேவுகன். நுகத்தில் வீரய்யாவின் காங்கேயம் காளைகள், குளித்து, கொம்புக்கு வர்ணம் பூசி, கழுத்தில் மாலை போட்டு.

சேவுகன் வண்டியை நிறுத்தி இறங்கினான். கூட்டத்தின் முகத்தைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. "ஐயா, கேட்டேனுங்களே! நேத்து சாயந்தரம் ஜீப்புல சாஞ்சிருந்தீங்க. 'மாட்டை ஓட்டிக்கிறட்டுமா'ன்னேன். தலைய ஆட்டுனீங்களே!"

நேற்றுச் சாயந்தரம் கூட்டத்திலிருந்து திரும்பி ஜீப்பில் வீரய்யா தூங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். தூக்கத்தில் அவர் தலை ஆடும். வண்டி நின்றிருந்தாலும் ஆடும். அது சம்மதமா, உறக்கமா என்று எந்தக் கோர்ட்டாலும் சொல்ல முடியாது.

"ஐயா, நீங்க குடுத்ததா, குடுக்காததா?" என்றார் ஏட்டையா. "ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

வீரய்யா ஏட்டையாவைப் பார்த்தார். செங்கமலத்தைப் பார்த்தார். தியாகியும் பண்ணைக்காரரும் சட்டைக்குள் கட்டிப் புரள்வது வெளியே தெரிந்தது. பிறகு நடந்துபோய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு காளைகளைப் பார்த்தார். ஒன்றின் நெற்றியைத் தடவினார். சுற்றிவந்து மற்றதன் திமிலைத் தட்டினார். மறுபடி முன்னால் வந்தார். குனிந்து நுகத்தடியைப் பார்த்தார்.

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் தேர்தல் முடிவன்றும் பார்த்ததில்லை.

"யோவ் சிரஸ்தாரய்யா, இங்கிட்டு வந்து பாருங்க! வலத்து மாடு வலப்பக்கம் நிக்கிது! எடத்து மாடு எடப்பக்கம் நிக்கிது!" அவர் குரல் திரும்பி வந்துவிட்டது. "திருந்திட்டான்யா! பய திருந்திட்டான்!"

"அப்ப நீங்க குடுத்ததுதானாய்யா?" என்று ஏட்டையா விடாமல் கேட்டார்.

வீரய்யா தாடையைச் சொறிந்தார்.

"ஆமா... இல்ல?"

ஏட்டையா நம்ம ஊர்க்காரர். தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு பந்திக்கு எங்கே எலை போட்டிருக்கிறார்கள் என்று விசாரித்தார். செங்கமலம் ஆரத்தித் தட்டோடு வண்டியை நோக்கி நடந்தாள். மேளக்காரர்கள் என்ன நடந்தது என்று புரியாமலே கெட்டிமேளம் கொட்டிவிட்டார்கள். தாலி கட்டுவதற்கு இன்னும் நேரம் இருந்தது.